கத்தியா, கரண்டா: அத்தையின் நாக்கும் எங்கள் குடும்ப வாதமும்

அத்தைக்கு நாக்கில் புற்று, ஆனால் ஆரம்பக் கட்டம் என்று தெரிந்த அன்று இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கத்தி வைக்கவே கூடாது, கரண்டு வைத்தால் போதும் என்றது ஒரு கட்சி. கரண்டு என்று எங்கள் வீட்டில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றது இன்னொரு கட்சி. நடுவில் கிள்ளானிலிருந்து ஒரு சித்தப்பா, முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றிய காணொளிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்று ஒருவர். நோயாளியான அத்தை அந்தக் குழுவிலேயே இல்லை. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன்.

அத்தைக்கு 68 வயது. கோலா சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர். விடியுமுன் பால்மரத்துக்குப் போகும்போது வெற்றிலை பாக்கு போட்டால் பசி தெரியாது, தூக்கம் வராது என்று அவருடைய அம்மா பழக்கிவிட்டது. "பொயல தொட்டதே இல்லடா, வெறும் பாக்குதானே" என்பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வாதத்தை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் முடித்துவைத்துவிட்டது: புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும், பாக்கு தனியாகவே தரும். மலேசியாவில் வாய்ப்புற்று இந்திய வம்சாவளியினரான நம்மவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம், அதிலும் பெண்களிடம் அதிகம் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அரசாங்கப் பல் மருத்துவர்கள் தோட்டப்புறங்களுக்குப் போய் வாயைத் திறந்து காட்டச் சொல்வதும் இதனால்தான். அத்தையின் புண்ணையும் முதலில் பார்த்தது ஒரு பல் மருத்துவர்தான். ஆடுகிற பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், நாக்கின் இடது ஓரத்தில் பல வாரமாக ஆறாத ஒரு புண் இருப்பதைப் பார்த்து, அங்கேயே நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கத்தியா கரண்டா என்ற கேள்வி ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் எழும். முற்றிய கட்டத்தில் தேர்வு செய்ய அதிகம் இருக்காது. வெட்டு, கரண்டு, சில சமயம் கீமோ என்று சேர்ந்தே வரும். ஆரம்பம் என்று எதைச் சொல்கிறார்கள் என்றால், புண் 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் டி1, அதாவது கட்டியின் அளவைச் சொல்லும் கணக்கில் முதல் படி. அதைத் தாண்டி 4 சென்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் வரைக்கும் டி2. கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கக் கூடாது. இந்த ஆழக் கணக்கு 2018 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அகலத்தை வைத்தே கட்டம் சொன்னார்கள். அத்தையின் புண் 1.5 சென்டிமீட்டர், ஸ்கேனில் ஆழம் 4 மில்லிமீட்டர் போலத் தெரிந்தது. டி1.

கரண்டு கட்சிக்கு வலுவான ஒரு சாட்சி இருந்தார். மாமாவின் அண்ணன். பல வருடம் முன்பு அவருக்குக் குரல்வளையில் புற்று. கத்தியே படாமல் கரண்டிலேயே குணமாகி, குரல் கொஞ்சம் கரகரத்தாலும், இன்றும் தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்குகிறவர். "என்னைப் பாரு" என்று அவர் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது?

அவர் சொன்னது பொய்யில்லை. குரல்வளையில் ஆரம்பக் கட்டப் புற்று என்றால் கரண்டு மட்டுமே வைத்துக் குணப்படுத்துவது நன்றாக நிலைபெற்ற முறை. ஆனால் வாய் வேறு. நாக்கோரமும் கன்னத்தின் உட்புறமும் மருத்துவரின் கைக்கு நேராக எட்டுகிற இடங்கள். வாயைத் திறந்தால் கத்தி போய்விடும். அதே சமயம் பக்கத்திலேயே தாடையெலும்பு, பற்கள், உமிழ்நீர்ச் சுரப்பிகள். புற்றைக் கொல்லும் அளவுக்குக் கரண்டு வைத்தால் அவையும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். அதனால் வாய்க்குள் வருகிற ஆரம்பக் கட்டப் புற்றுக்குப் பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்கள் அறுவையை முதலில் வைக்கின்றன. கரண்டு மாற்று வழி. உறவினர் கூட்டத்தில் "தொண்டை", "வாய்" இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஒருவருக்குப் பலித்தது அடுத்தவருக்கும் பலிக்கும் என்று நம்புகிறோம், இரண்டு நோய்க்கும் நடுவில் நாலு விரல் தூரம்தானே என்று.

இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளும் மிகக் குறைவு. நான் கணக்கு எழுதுகிறவன், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனாலும் தேடிப் படித்ததில் ஒன்று மனதில் நின்றது. 1998-இல் கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த ஆய்வு. வாய்ப்புற்று நோயாளிகளில் ஒரு பாதிக்கு அறுவை செய்து பிறகு கரண்டு, மறு பாதிக்குக் கரண்டு மட்டும். கரண்டு மட்டும் வைத்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்து, 35 பேர் சேர்ந்த நிலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் அத்தையைவிடப் பெரிய கட்டிகள் இருந்தவர்களும் இருந்தார்கள், ஆளும் குறைவு. அதை வைத்து அத்தைக்கு அப்படியே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் கரண்டு கட்சியின் உற்சாகத்தைக் குறைக்க அது போதும்.

மருத்துவமனையில் எங்களை முதலில் பார்த்தது வாய், முக அறுவை நிபுணரான ஒரு மலாய்க்கார அம்மா. அத்தைக்குத் தோட்டத்து மலாய் நன்றாக வரும். உட்கார்ந்ததும் கேட்டார்: "டாக்டர், லிடா செமுவா போத்தோங் கா?" நாக்கு முழுவதையும் வெட்டிவிடுவீர்களா என்று. டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் நாக்கை வரைந்து, இடது ஓரத்தில் ஒரு சின்ன வளைவு போட்டு, "இவ்வளவுதான், ஆண்ட்டி" என்றார். புண்ணைச் சுற்றி 1 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்களாம். பரிசோதனைக் கூடத்தில் வெட்டிப் பார்க்கும்போது எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டர் சுத்தமான சதை இருக்க வேண்டுமாம்.

அப்புறம் வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று பார்த்தார். உங்கள் விரல் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடுங்கள் என்றார். அத்தைக்கு இரண்டுதான் போனது. பாக்கு பல வருடம் ஊறிய கன்னம் இறுகி நார் பாய்ந்துவிடும். அதனால் வாய் திறப்பு குறையும். கரண்டு வைத்தால் தாடைத் தசையும் இறுகும், ஏற்கெனவே இரண்டு விரல்தான் என்றால் பிறகு கரண்டி நுழைவதே சிரமமாகிவிடலாம் என்றார். இந்த ஒரு விஷயத்தை எங்கள் வாட்ஸ்அப் வாதத்தில் இரண்டு கட்சியும் யோசிக்கவே இல்லை. பாக்கு போட்ட வாய்க்கும் போடாத வாய்க்கும் கணக்கு வேறு.

ஆனால் என் எண்ணத்தை முழுக்க மாற்றியது கதிர்வீச்சு மருத்துவர் சொன்னதுதான். கரண்டு கட்சியைத் திருப்திப்படுத்த அவரையும் பார்த்துவிட வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். அது நல்லதாகப் போனது. அவர் பாதகங்களை அடுக்கிப் பயமுறுத்தவில்லை. வாய்க்குள் ஒரே இடத்துக்கு முழு அளவு கரண்டு ஏறக்குறைய ஒரு தடவைதான் வைக்க முடியும் என்றார். இரண்டாம் தடவை வைக்கவே முடியாது என்றில்லை. எலும்பும் சதையும் தாங்குமா என்பது பெரிய பிரச்சினை. கரண்டு பட்ட இடத்தில் பிறகு கத்தி வைப்பதும் கஷ்டம், புண் சீக்கிரம் ஆறாது. அறுவை அப்படியில்லை. இன்றைக்கு எடுத்துவிட்டு நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கலாம், அல்லது அப்போது கரண்டு வைக்கலாம். "இத்தனை வருடம் பாக்கு போட்ட வாய் இது. இந்தப் புண் போனாலும் வேறு இடத்தில் இன்னொன்று வரலாம். அப்போது எங்கள் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்று பாருங்கள்" என்றார்.

பாக்கும் புகையும் பட்ட வாய் முழுவதுமே மாறிப்போயிருக்கும். நாம் பார்க்கிற புண் அதில் முதலில் வெளிவந்தது மட்டும்தான். இதை 1953-லேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதிவைத்திருக்கிறார்கள். நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது எது வலி குறைவு, எது முகத்தைக் கெடுக்காது என்று மட்டும்தான். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கரண்டு என்றால் வலியில்லாத வைத்தியம் என்ற நினைப்பும் அங்கேயே போனது. மொத்தம் 66 முதல் 70 கிரே. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஏறக்குறைய 7 வாரம். முகத்துக்குப் பிளாஸ்டிக் வலை முகமூடி செய்து மேசையோடு பூட்டி அசையாமல் படுக்கவைப்பார்கள். படுத்திருக்கும் நேரம் குறைவு, வலிக்காது, உண்மைதான். இரண்டு மூன்று வாரத்தில்தான் வேலை தெரியும்: வாயெல்லாம் புண், எச்சில் வற்றும், சுவை போய்விடும், கஞ்சி கூட எரியும். சிலருக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எல்லாம் முடிந்து சில வாரத்தில் புண் ஆறும், சுவையும் மெல்லத் திரும்பும். எச்சில் மட்டும் பலருக்கு முழுதாகத் திரும்பாது. இப்போதைய நவீனக் கருவிகள் கன்னத்துச் சுரப்பிகளைத் தவிர்த்துக் கரண்டு பாய்ச்சும். 2011-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டு கழித்து வாய் மிகவும் வறண்டிருந்தவர்கள் பழைய முறையில் 74 விழுக்காடு, புதிய முறையில் 38. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது தொண்டைப் பகுதிப் புற்று உள்ளவர்களிடம் பார்த்தது. வாய்க்குள்ளேயே குறி என்றால் தப்பிக்கிற இடம் குறைவு.

பல் விஷயம் தனி. கரண்டு தொடங்குவதற்கு முன்பே ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் பிடுங்கி, அந்த இடம் ஆறிய பிறகுதான் தொடங்குவார்கள். ஏனென்றால் கரண்டு பட்ட தாடையெலும்பில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் செத்துப்போகிற அபாயம் உண்டு. வருடங்கள் கழித்தும் உண்டு. எச்சில் இல்லாத வாயில் மிச்சப் பற்களும் சொத்தையாகும், அதற்கு ஃபுளோரைடு தினமும். எங்கள் தலைமுறைக்கு முந்தைய தோட்டத்துக்காரர்களில் பல் முழுசாக இருப்பவர்கள் எத்தனை பேர்? அத்தையிடம் சொன்னபோது, "அப்ப கரண்டு வச்சாலும் கொறடு உண்டுன்னு சொல்லு" என்றார்.

கத்தியின் பக்கம் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. முழு மயக்கம், நாக்கில் குறைவு, சில நாள் மூக்குக் குழாய் வழியே பால். கட்டி பெரிதாக இருந்தால் முன்கையிலிருந்து தோலும் ரத்தக்குழாயுமாக எடுத்து நாக்கில் ஒட்டுவார்கள். அது பல மணி நேர வேலை. அத்தைக்கு அது தேவைப்படவில்லை, இழுத்துத் தைத்தாலே போதும் என்றார்கள். ஆனால் கழுத்தையும் வெட்ட வேண்டும் என்றதும்தான் வீட்டில் மறுபடி கொந்தளிப்பு. கழுத்தில் ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறதே, பிறகு எதற்குக் கழுத்து?

இதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் பதில் இருக்கிறது. டாக்டர் அனில் டிக்ரூஸ் தலைமையில் ஓர் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று, கழுத்தில் கட்டி தெரியாதவர்கள். ஒரு சாராருக்கு வாய் அறுவையோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு எடுப்போம் என்று காத்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து முதல் சாராரில் 80 விழுக்காட்டினர் உயிரோடு, காத்திருந்தவர்களில் 67.5. நோயாளிகள் நம்மைப் போலவே பாக்கு, புகையிலை பழகிய இந்திய மக்கள் என்பதால், இந்தக் கணக்கு வேறெங்கோ நடந்த கணக்கு என்று தள்ளிவிட முடியாது. நாக்கில் புற்று 3, 4 மில்லிமீட்டர் ஆழம் போனாலே ஸ்கேனில் தெரியாத துளிகள் கழுத்துக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. சும்மா இருந்த கழுத்தை ஏன் சீண்டுகிறீர்கள் என்று கேட்ட சித்தப்பாவுக்கு இந்த எண்களை அனுப்பினேன். அவர் மறுபடி முள்சீத்தா அனுப்பினார்.

கரண்டை முதலில் தேர்ந்தெடுப்பது தவறு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காது என்றால் அதுதான் வழி. உதட்டின் மூலையில் வெட்டினால் வாயின் வடிவமே போய்விடும் என்றாலும் யோசிக்கலாம். வெளியிலிருந்து பாய்ச்சாமல், புண்ணுக்குள்ளேயே மெல்லிய குழாய்களைச் செருகி இரிடியம் வைத்துக் கரண்டு கொடுக்கும் முறையும் உண்டு. உதட்டிலும் நாக்கிலும் சின்னக் கட்டிகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் தாடையெலும்புக்குப் பக்கத்தில் அது ஆகாது, அதில் கைதேர்ந்தவர்கள் எல்லா இடத்திலும் கிடைக்கவும் மாட்டார்கள். எல்லாம் தெரிந்துகொண்டு, எனக்குக் கத்தி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் மரியாதைக்குரிய முடிவு. எனக்குப் பொறுக்காதது, ஒன்றும் தெரியாமல் பயத்தில் ஓடிப்போய்க் கரண்டின் பின்னால் ஒளிந்துகொள்வது. அதைவிட, பயப்படுகிறவர் நோயாளியே இல்லாமல் சுற்றியிருக்கிற உறவுக்காரர்களாக இருப்பது.

காசும் தூரமும் பேசாமல் நம் வீடுகளில் எதுவும் முடிவாகாது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கச் சொற்பக் காசுதான். தனியாரில் கரண்டு என்றால் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்). அத்தையின் இபிஎஃப் சேமநிதியில் அவ்வளவு ஏது? கரண்டு என்று முடிவானால் புத்ராஜெயாவில் 2013-இல் திறந்த தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போகலாம் என்று மாமா வழியெல்லாம் பார்த்து வைத்திருந்தார். செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ரயில் ஏறினால் வண்டி மாறாமல் புத்ராஜெயா சென்ட்ரல், கழகம் இருப்பதும் அதே 7-ஆம் பிரிசிண்ட் வட்டாரத்தில். சுலபம்தான். ஆனால் வாயெல்லாம் வெந்து போன ஒரு 68 வயதுப் பெண்ணைத் தினமும் அவ்வளவு தூரம் உட்காரவைத்துக் கூட்டிப்போய்த் திரும்புவதை ஏழு வாரத்துக்கு நினைத்துப் பாருங்கள். அடையாறு யோசனை இதோடு காணாமல் போனது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய நிறுவனம், பெயர் பெற்ற இடம், மறுப்பில்லை. ஆனால் இங்கே கிடைக்கிற அதே வைத்தியத்துக்கு அங்கே அறையெடுத்துத் தங்க வேண்டுமா?

கடைசியில் முடிவு அத்தையுடையது. ஒரு தமிழ் நர்ஸ்தான் எங்களையெல்லாம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று தனியாகக் கேட்டார். வெளியே வந்த அத்தை, "எடுத்துரட்டும். கரண்ட வச்சிக்கலாம், பின்னால வேணும்னா" என்றார். நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் படித்ததை அவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

அறுவைக்குப் பிறகு வந்த அறிக்கையில் ஆழம் 4 இல்லை, 6 மில்லிமீட்டர். ஆக டி1 என்று போனவர் டி2 ஆகிவிட்டார். ஓரங்கள் சுத்தம், எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றிலும் புற்று இல்லை. ஓரத்தில் புற்று ஒட்டியிருந்தாலோ, நெறிக்கட்டியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ 60 முதல் 66 கிரே கரண்டு, கூடவே கீமோவும் சேர்ந்திருக்கும். அதையும் 6 வாரத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் தேவையில்லை என்று மருத்துவர்கள் கூட்டாகப் பேசி முடிவு செய்தார்கள். இதில் ஒரு விஷயம் கவனித்தேன். கரண்டை மட்டும் வைத்திருந்தால் அந்த 6 மில்லிமீட்டர் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கழுத்து உண்மையில் சுத்தமா என்பதும் ஸ்கேன் சொன்ன அளவுக்குத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது அத்தையின் பேச்சில் ளகர ழகரம் கொஞ்சம் வழுக்குகிறது. எங்கள் வீட்டில் அதை முன்னாலும் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. காரம் எரிகிறது, ரசத்தை ஆறவைத்துக் குடிக்கிறார். இடது தோள் தூக்கினால் இழுக்கிறது, கழுத்து அறுவையில் தோளுக்குப் போகும் நரம்பு சீண்டப்படுவதால் வருவது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மாமா கண்காணிப்பில் செய்கிறார். கஷ்டப்பட்டது பாக்கை விடத்தான். வெறும் வெற்றிலை மட்டும் போடட்டுமா என்று டாக்டரிடம் பேரம் பேசிப் பார்த்தார். பழைய பழக்கம் பின்னாலேயே வரும் என்று அதற்கும் தடை. இப்போது மேசையில் சோம்பு டப்பா.

முதல் வருடம் என்பதால் அடிக்கடி வாயைக் காட்டப் போக வேண்டும். போன தடவை வலது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்து, துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, செல்கள் லேசாக மாறத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். வலி தெரியாமல் ஊசி போட்டு அந்தத் திட்டை எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாய்க்கு ஏற்கெனவே கரண்டு வைத்திருந்தால் இந்தச் சின்ன வேலைக்கே ஆறுமா ஆறாதா என்று யோசித்திருப்பேன் என்றார் டாக்டர். அத்தைக்கு அதைவிட முக்கியமான கவலை ஒன்று இருந்தது. அடுத்த தேதி தீபாவளிக்கு முந்திய வாரமாம். மாற்றிக் கேள் என்று என்னைக் கவுண்டருக்கு அனுப்பினார், முறுக்கு சுடணுமாம். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.